காற்று சம்மதித்தால்: நெல்லைச் சீமையில் ஒரே நாளில் ஹெலிகாப்டரும் பாய்ப்படகும்

பிரிஸ்பேனில் இருக்கிற என் அத்தான் குடும்பத்தோடு விட்சண்டே தீவுகளுக்குப் போய்வந்தார். காலையில் ஹெலிகாப்டர், மதியத்துக்கு மேல் பாய்ப்படகு. எடுத்த படங்களை எல்லாம் அனுப்பிவிட்டு, கூடவே ஒரு குரல் பதிவும் போட்டிருந்தார். "மாப்ள, நம்ம ஊர்ல மலை இருக்கு, ஆறு இருக்கு, தேரி இருக்கு, கடலு இருக்கு. இவ்வளவையும் வச்சுக்கிட்டு ஒருத்தனும் இதச் செய்யலியே, ஏன்?"

காசுதான் காரணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பாய் விரித்துத் தோணி ஓட்டிய காலத்திலேயே தண்டலாக இருந்தவர். தோணித் தலைவனுக்கு அங்கே தண்டல் என்று பெயர். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "எந்த மாசம், தம்பி?"

கேள்வி முழுவதும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. அதை அவிழ்த்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், வானூர்தியையும் பாய்ப்படகையும் ஒரே பயணத்தில் சேர்க்கிற யோசனை எங்கே எடுபடுகிறது, ஏன் எடுபடுகிறது? விட்சண்டேயில் 74 தீவுகள், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரைக்கும் பெரும் பவளத்திட்டுக்கும் நடுவே சிதறிக் கிடக்கின்றன. தீவுகளுக்கு இடையே இருக்கும் கடல் பாய்ப்படகுக்கு வாகானது. பவளத்திட்டு மட்டும் கரையிலிருந்து வெகுதொலைவு. படகில் போனால் போய்வரவே ஒரு நாள் ஓடிவிடும், ஹெலிகாப்டருக்கு அது சுமார் அரை மணி நேரம்தான். அங்கே இதய வடிவில் ஒரு பவளத்திட்டு உண்டு. பக்கத்தில் படகில் போனவனுக்கு அது தண்ணீருக்குள் கிடக்கும் வெறும் பாறை, மேலே இருப்பவனுக்குத்தான் இதயம். ஹவாயில் கவாயித் தீவின் நா பாலிக் கரையிலோ சாலையே கிடையாது. செங்குத்துப் பாறைகள் கடலுக்குள் இறங்குகின்றன. நடந்து போகலாம், படகில் போகலாம், பறக்கலாம், வேறு வழி இல்லை. ஆக, சேர்த்து வைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். வானத்திலிருந்து மட்டும் தெரிகிற ஒன்றும், தண்ணீரில் மட்டும் தெரிகிற ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நெல்லைச் சீமையில் அப்படி எதுவும் இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் சொல்வேன். சீமை என்று நான் சொல்வது பழைய கணக்கு. 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிவதற்கு முந்தைய திருநெல்வேலி.

கண்ணால் எவ்வளவு தூரம் பார்க்க முடியும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. படகில் உட்கார்ந்திருப்பவரின் கண், தண்ணீருக்கு ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அடிவானம் அவருக்கு நாலரை கிலோமீட்டர்தான். அதே ஆள் 600 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் 87 கிலோமீட்டர் தள்ளிப்போகும். இப்போது ஸ்ரீவைகுண்டத்துக்கு மேலே அந்த உயரத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் தாமிரபரணி கடலில் விழும் புன்னைக்காயல். மேற்கே எழுபது கிலோமீட்டர் சொச்சத்தில், ஆறு பிறக்கும் பொதிகை. மழை கழுவிவிட்ட தை மாதக் காலையில், தலையைத் திருப்பினால் ஒரு ஆற்றின் பிறப்பும் முடிவும் ஒரே இடத்திலிருந்து தெரிந்துவிடும். சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் ஆறு இது. காவிரிக்கோ வைகைக்கோ இப்படி ஒரு பார்வை வாய்க்காது.

பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கியதிலிருந்து புன்னைக்காயல் வரை நேர்கோட்டில் சுமார் 80 கிலோமீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற ஹெலிகாப்டருக்கு 25 நிமிடம். அந்த 25 நிமிடத்தில் கீழே நடப்பதைத்தான் நாம் ஒருபோதும் முழுதாகப் பார்த்ததில்லை. பேருந்தில் போகும்போது ஒரு அணைக்கட்டு, ஒரு வயல், ஒரு கோபுரம் என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். மேலிருந்து பார்த்தால் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரையிலான எட்டு அணைக்கட்டுகளும் ஒரு ஒழுங்குக்கு வரும். ஒவ்வொன்றிலும் கால்வாய் பிரிந்து, குளத்துக்குப் போய், குளத்திலிருந்து வயலுக்குப் போகிறது. மாசி மாதத்தில் பிசானப் பருவ நெல் பழுத்துக் கிடக்கும். ஆற்றின் இரு கரையிலும் மஞ்சள் பட்டை, அந்தப் பட்டைக்கு வெளியே காய்ந்த கரிசலும் செம்மண்ணும். தண்ணீர் எட்டுகிற எல்லையைக் கோடு போட்டுக் காட்டியது போல இருக்கும். நம்ம பாட்டன்மார் எதற்காக மடைக்காகச் சண்டை போட்டார்கள் என்பது அந்தக் கோட்டைப் பார்த்தால் விளங்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தது கடைசி ஐந்து நிமிடம். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே, வயலும் வாழைத்தோட்டமும் சூழ்ந்த சிற்றூர். ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்கியது. கொற்கை தூர்ந்த பிறகு கப்பல்கள் காயலுக்குப் போயின. மார்க்கோ போலோ சொல்லும் காயல் அதுதான், இன்றைய பழையகாயல். அதுவும் தூர்ந்தது. கடைசியில் புன்னைக்காயல். மூன்று துறைமுகங்கள், ஒன்று செத்து ஒன்று பிறந்தவை, ஹெலிகாப்டர் சன்னலில் ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து வரும். பாடப்புத்தகத்தில் இதை எத்தனை பக்கம் படித்தாலும் ஒட்டாது. பழங்காலத் தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூர்ப் பரம்பும் இந்த வழியில்தான். அங்கே 1876-இலேயே ஜெர்மானியரான யாகோர் தோண்டிப் பார்த்தார், அதன் பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ.

ஆற்றைத் தாண்டித் தெற்கே திரும்பினால் தேரி, அதாவது செம்மணல் மேடுகள். இரும்பு ஆக்சைடு பூசிய மணல், அதனால்தான் அந்தச் செந்நிறம். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே குதிரைமொழித் தேரி சிவப்பாக விரிந்து கிடக்கும், அதன் மேல் பனைமரங்கள் புள்ளி வைத்தது போல. ஐந்து திணையும் உள்ள ஒரே ஊர் எங்கள் ஊர் என்று நெல்லைக்காரர்கள் மேடைக்கு மேடை சொல்வோம். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்ட பெருமைதான். ஆனாலும் மலை, காடு, வயல், செம்மணல், கடல் என்று ஒரு மணி நேரத்துக்குள் வரிசையாகக் கீழே கடந்துபோனால் அலுப்பு கொஞ்சம் குறையக்கூடும்.

சரி, மேலிருந்து இவ்வளவும் தெரியும் என்றால் பாய்ப்படகு எதற்கு? கடற்கரை ஊரான மணப்பாடு ஹெலிகாப்டரில் அரை நிமிடம். கடலுக்குள் நீண்டிருக்கும் மணல்நாக்கு, அதன் மேட்டில் 1581-ஐச் சேர்ந்த திருச்சிலுவைக் கோயில், உள்ளே வளைந்து கிடக்கும் கழிமுகம், அவ்வளவுதான், கடந்து போய்விடும். இந்தக் கரைக்கு 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தது கடல்வழியே. மணப்பாட்டு மேடு எதற்காக மாலுமிகளுக்கு அடையாளமாக இருந்தது என்று தெரிய வேண்டுமானால் கடல் மட்டத்திலிருந்துதான் அதை நெருங்க வேண்டும். நாலரை கிலோமீட்டர் அடிவானம்தான் உள்ளவனுக்கு, தட்டையான கரையில் ஒரே ஒரு மேடும் கோபுரமும் முதலில் தண்ணீருக்கு மேலே முளைத்து, அப்புறம் மெதுவாகக் கரையோடு சேரும். அதே போலத்தான் திருச்செந்தூர்க் கோபுரமும். இயந்திரப் படகிலும் போகலாம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் எஞ்சின் சத்தத்தில் காற்று எந்தப் பக்கம் திரும்பியது என்று யாரும் கவனிப்பதில்லை. பாய்ப்படகில் கவனிக்காமல் இருக்க முடியாது.

காற்றுக்கு வந்துவிட்டோம்.

நம் கரையில் காற்றுக்குத் திசைப்படி பெயர் உண்டு. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து கொண்டல், தெற்கே இருந்து சோழகம், தென்மேற்கும் மேற்கும் கச்சான். இவை போக, விடிவதற்கு முன் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் கரைக்காற்று, வெயில் ஏறியதும் கடலிலிருந்து நிலத்துக்கு வீசும் கடற்காற்று. நிலம் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். கடல் இரண்டையும் மெதுவாகச் செய்யும். அந்த வேறுபாடுதான் நாள்தோறும் காற்றை இப்படி முன்னும் பின்னும் தள்ளுகிறது. எஞ்சின் வராத காலத்தில் கரைக்காற்றில் பாய் ஏற்றிக் கடலுக்குப் போய், கடற்காற்றில் கரைக்கு வருவார்கள். டீசல் செலவில்லாத தினசரிச் சேவை.

சுற்றுலா வசதிக்கும் இந்த நாள்கணக்கு ஒத்துவருகிறது. காலை வேளையில் காற்று அடங்கியிருக்கும், வெயில் சூடேற்றி எழுப்பும் குலுக்கல் இன்னும் தொடங்கியிருக்காது. ஹெலிகாப்டருக்கு அதுதான் நல்ல நேரம். பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று எழும். பாய்க்கு அதுதான் நேரம். காலையில் பறந்து மதியம் பாய் விரிப்பது எந்த நாட்டிலும் பொருந்துகிற ஏற்பாடு. அதற்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

சிக்கல் மாதக்கணக்கில் இருக்கிறது. வைகாசி பிற்பாதியிலிருந்து புரட்டாசி வரை கச்சான் காலம். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, மழையை அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து இந்தப் பக்கம் பாய்கிறது. குற்றாலத்தில் சாரல், பணகுடியிலும் இராதாபுரத்திலும் கயத்தாற்றிலும் காற்றாலைகளுக்கு அறுவடை. கடற்கரையில் மழை இருக்காது, வானம் பெரும்பாலும் வெளுத்திருக்கும். வெளிநாட்டிலிருந்து ஆடி மாத விடுமுறைக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் ஏமாறுவார்கள். "மழையே இல்லியே, பறக்க என்ன?"

மழை இல்லை, உண்மைதான். ஆனால் மலையைத் தாண்டி இறங்கும் காற்று நேராக வராது. பாறையைத் தாண்டிய ஆற்றுத் தண்ணீர் போலச் சுழன்று, ஏறி இறங்கி வரும். மலையின் இந்தப் பக்க அடிவாரத்தில் அந்தச் சுழலுக்குள் ஒரு சிறிய ஹெலிகாப்டர் மாட்டினால் விமானி பார்ப்பது இயற்கைக் காட்சியாக இருக்காது. குற்றாலமும் பொதிகையும் அப்போது மேகத்துக்குள் வேறு. தேரியிலோ மணல் நகர்கிற காலம். இறங்கினால் சுழலிறகு கிளப்பும் செம்மணல் நாலு பக்கமும் மூடி, விமானிக்குத் தரை தெரியாமல் போகும். எஞ்சினுக்குள் போகும் மணல் உள்ளே சுழலும் தகடுகளைத் தேய்க்கும்.

பாய்ப்படகுக்கு இதே கச்சான் விசித்திரமான காற்று. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரை நம் கரை கிட்டத்தட்ட வடக்குத் தெற்காக ஓடுகிறது. கச்சான் அதற்குக் குறுக்கே, நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. அலை எழ வேண்டுமானால் காற்று தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். கரையை ஒட்டிய கடலில் அந்த ஓட்டம் கிடைக்காததால் தண்ணீர் குளம் போல் கிடக்கும். பக்கவாட்டுக் காற்று, அலையில்லாத கடல். பாய்ப்படகு ஓட்டுபவன் கனவு காண்கிற சேர்க்கை இது. ஆனால் பாய்மரம் முறிந்தாலோ சுக்கான் போனாலோ, அந்தக் காற்று உங்களைக் கரைக்குத் தள்ளாது. வெளிக்கடலுக்குத் தள்ளும். தள்ளத் தள்ள அலையும் பெரிதாகும். தண்டல் பெரியவர் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "கச்சான்ல போறது சொகம் தம்பி, வாறதுதான் நம்ம கையில இல்ல." தென்மேற்குப் பருவத்தின் உச்சத்தில் தோணிகள் ஓட்டத்தை நிறுத்தி நங்கூரம் போட்டுக் கிடப்பது வழக்கம். சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. மணப்பாட்டுக்குத் தெற்கே, உவரி, இடிந்தகரைப் பக்கம் கரை மேற்காகத் திரும்புவதால் இந்தியப் பெருங்கடலின் பேரலை நேராகவே வந்து மோதும். அங்கே கச்சான் காலத்தில் குளமும் கிடையாது, சுகமும் கிடையாது.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வடகிழக்குப் பருவம். அத்தான் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை டிசம்பரில்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைக்காரர் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எல்லா டிசம்பரும் அப்படி இருக்காது. ஆனால் டிசம்பரை நம்பி ஹெலிகாப்டருக்கு முன்பணம் கட்டுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். பங்குனி பிறந்தால் வெப்ப மூட்டம், பொதிகை தெரியாது. சித்திரையில் எங்கோ தென்கடலில் எழுந்த பேரலை, இங்கே காற்றே இல்லாதபோது சத்தமில்லாமல் வந்து கரையேறும் கள்ளக்கடல் வேறு.

எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது தைப்பொங்கலுக்குப் பிறகு மாசி முடிய, ஏறக்குறைய இரண்டு மாதம். வாடை தளர்ந்திருக்கும், மழை ஓய்ந்திருக்கும், குளங்களில் தண்ணீர் இருக்கும், வயலில் நெல் இருக்கும், மலை தெளிவாக இருக்கும். அந்தக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் படகு வடக்கிலிருந்து தெற்காகப் போக வேண்டும். பாய்ப்படகால் காற்றின் முகத்துக்கு நேராகப் போக முடியாது. 45 பாகை அளவுக்குச் சாய்ந்து, இடம் வலம் என்று மாறி மாறி வெட்டித்தான் ஏற முடியும். போக நாலு மணி நேரம் என்றால் வர எட்டு மணி நேரம் ஆகலாம். அதனால் பாய்ப்பயணத்தை ஒருவழிப் பயணமாக வைத்துக்கொள்வதுதான் புத்தி. வானூர்தியோடு சேர்ப்பதில் இருக்கிற உண்மையான ஆதாயமும் இதுதான். வட்டமடிப்பதை ஹெலிகாப்டர் பார்த்துக்கொள்ளும், படகு புறப்பட்ட இடத்துக்கே வரத் தேவையில்லை.

காற்று சம்மதித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மேலே வானம் சும்மா கிடக்கிறதா என்றால், நெல்லைச் சீமையின் வானத்தில் வேலி நிறைய. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் மேல் பறக்கக் கூடாது. விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் இருக்கிறது. நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்கான மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைபரப்பு அங்கே நடக்கிறது. அதற்கான கம்பங்கள் நாட்டிலேயே மிக உயரமானவற்றில் சேரும், 400 மீட்டருக்கும் மேல். கம்பமாவது கண்ணுக்குத் தெரியும், அதைத் தாங்கி நிற்கும் இழுவைக் கம்பிகள் தெரியாது. மணப்பாட்டுக்குப் பக்கத்திலேயே குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே ஏவலாம் என்பதால்தான் அந்த இடம். ராக்கெட் ஏவும் நாளில் வானமும் கடலும் சேர்ந்தே மூடப்படும்.

காட்டுப் பக்கம் வந்தால் களக்காடு முண்டந்துறை. 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். பாணதீர்த்த அருவியை மேலிருந்து பார்க்க எல்லாருக்கும் ஆசை இருக்கும். அந்தச் சத்தம் கீழே உள்ள யானைக்கும் வரையாட்டுக்கும் என்ன செய்யும் என்பதை யோசித்தால், பாபநாசத்தோடு திரும்பிவிடுவதே சரி என்று படுகிறது. பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தின் கதை இன்னும் நெருடலானது. நமக்கு வாய்க்கும் அந்த இரண்டு மாதம்தான் அங்கே பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலமும். நாரைகள் கூட்டமாகக் கிளம்பினால் ஆபத்து நாரைக்கு மட்டும் இல்லை. மேற்கே வேலி, தெற்கே வேலி என்று கழித்துப் பார்த்தால், பறக்க எஞ்சுவது ஆற்றின் போக்கும் கரையும்தான். நல்லவேளை, பார்க்க வேண்டியதும் அதுவேதான்.

கடலிலும் வேலி இல்லாமல் இல்லை. தூத்துக்குடிக்கு முன்னால் இருக்கும் வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி நான்கும் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை. இறங்க அனுமதி கிடையாது. விலாங்குசல்லி நீருக்கடியில் போய்விட்டதால் இறங்க நினைத்தாலும் முடியாது. விட்சண்டேயைப் போலத் தீவு தீவாக நங்கூரம் போட்டுக் குளிக்கும் கனவை இங்கே மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். அரசாங்க அனுமதி ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு கடற்கரை ஊருக்கும் தன் துறை என்ற உணர்வு உண்டு. வீரபாண்டியன்பட்டினத்துக் கடலிலோ ஆலந்தலைக் கடலிலோ வலை மிதக்கும்போது படகை விட்டு அறுத்தால், கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்ட தாள் உதவாது. ஊர்க் கமிட்டியிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவதே மரியாதை, பாதுகாப்பும்கூட.

ஆனால் நான் பெரிதாக நினைக்கும் தடை வேறு. ஹெலிகாப்டர் வாடகைக்குக் கிடைக்கும். மணிக்கு லட்சத்தைத் தாண்டும், ஐந்தாறு பேர் பங்கு போட்டால் பெரிய கல்யாணத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு போலத்தான். தூத்துக்குடியின் வாகைகுளம் விமான நிலையத்தில் ஓடுதளம் நீண்டிருக்கிறது, 2025 ஜூலையில் புது முனையமும் வந்துவிட்டது. கிடைக்காதது பாய்ப்படகு.

இதைச் சொல்லும்போதே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் தூத்துக்குடி. அதற்கு முன்னும் பின்னும், நீராவிக்கு அசராமல், மரத்தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போயின. 1980-கள் வரைக்கும் பாய்தான். பிறகு எஞ்சின் பொருத்தினார்கள். இன்றும் தோணிகள் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போகின்றன, அரிசியும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு. பாய்தான் இல்லை. முத்துக்குளித்துறையின் வள்ளங்களில் நின்ற முக்கோணப் பாயும் போய், ஃபைபர் படகும் வெளிப்பொருத்து எஞ்சினும் வந்துவிட்டன. மீனவருக்கு அது நல்லதுதான், யாரும் குறை சொல்ல முடியாது. விளைவு என்னவென்றால், பாய் கட்டத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள்.

மீன்பிடிப் படகையே பாய் கட்டி ஓட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மீன்பிடிக்கப் பதிவான படகில் பயணி ஏற்றக் கூடாது என்பது விதி. விதிக்குப் பின்னால் சாவுகள் இருக்கின்றன. 2014-இல் மணப்பாட்டுக் கடலில் உல்லாசமாகச் சுற்றப்போன படகு கவிழ்ந்து போன உயிர்களை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. பயணிகளுக்கென்றே கட்டி, சோதித்து, உரிமம் வாங்கி, ஆளுக்கொரு உயிர்காப்பு மேலங்கியோடு இறக்கும் பாய்ப்படகு வேண்டும். ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டருக்கும் இதே கணக்குதான். எஞ்சின் நின்றாலும் சுழலிறகைக் காற்றே சுற்ற வைத்து, சறுக்கிக்கொண்டே தரைக்கு வந்துவிடலாம். கரையை எட்டும் தொலைவுக்குள் இருக்கும்வரை கவலை குறைவு. அதைத் தாண்டிக் கடல்மேல் போவதானால் மிதவை பொருத்தியிருக்க வேண்டும். நம் வழி கரையை ஒட்டியே போவதால் இது பெரிய பிரச்சினை ஆகாது.

எல்லாம் கூடிவந்த ஒரு மாசிக் காலை எப்படி இருக்கும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். ஆற்றுப் பள்ளத்தில் விடியற்காலைப் பனிமூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து, ஏழரை மணிக்கு வாகைகுளத்தில் கிளம்பலாம். பாபநாசம் வரை 22 நிமிடம். ஆற்றோடு திரும்பிப் புன்னைக்காயல் 25 நிமிடம். கரையோரமாக மணப்பாடு 9 நிமிடம். தேரிக்கு மேலே, இறங்காமல், வாகைகுளத்துக்கு 12 நிமிடம். மொத்தம் ஒரு மணி எட்டு நிமிடம். நகரங்களுக்கு மேலே 300 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது, நவதிருப்பதிக் கோபுரங்களை அந்த உயரத்திலிருந்து எண்ணிக்கொள்ளலாம். பிறகு தூத்துக்குடி ஊருக்குள் வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்தரை மணிக்குப் பழைய துறைமுகத்தில் பாய் ஏற்றலாம். மணப்பாட்டுக்குக் கடல்வழி சுமார் 50 கிலோமீட்டர். மணிக்குப் பத்து கிலோமீட்டர் என்றால் ஐந்து மணி நேரம். காலையில் மூன்று நிமிடத்தில் கடந்த புன்னைக்காயல் முகத்துவாரம், இப்போது மணல்திட்டுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போவதால் முக்கால் மணி நேரம் எடுக்கும். ஆற்றுத் தண்ணீர் கடலோடு சேரும் நிறமாற்றத்தைக் காலையில் ஒரு கோடாகப் பார்த்திருப்போம். படகு அந்தக் கோட்டுக்குள்ளேயே போகும்போது அது கோடாக இருக்காது, கலங்கல் திட்டுத் திட்டாக மிதக்கும்.

திட்டத்தைத் தண்டல் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரத்தை எல்லாம் படித்தார். நான் ஆர்வமாக ஒன்று சேர்த்துச் சொன்னேன்: படகு போய்க்கொண்டிருக்கும்போது ஹெலிகாப்டர் திரும்ப வந்து மேலே நின்று ஒரு படம் எடுத்தால் அருமையாக இருக்கும், அத்தான் கேட்டிருக்கிறார்.

அதில்தான் என் அறியாமை வெளிப்பட்டது. ஐந்தாறு பேர் ஏறும் ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்க வேண்டுமானால், தன் எடைக்கு ஈடாகக் காற்றைக் கீழே தள்ள வேண்டும். அந்தக் காற்று மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். விரித்த பாயின் மேல் அது செங்குத்தாக இறங்கினால் பாய் எந்தப் பக்கம் புரளும் என்று சொல்ல முடியாது.

பெரியவர் தாளை மடித்துக் கொடுத்தார். "ஒங்க அத்தானுக்குப் படம் வேணும்னா காலையில எடுத்துக்கிடச் சொல்லு. நான் பாய் ஏத்துறதுக்குள்ள அது வாகைகுளத்துக்குப் போயிரணும்." கொஞ்சம் பொறுத்து, "மாசி எத்தனாம் தேதி?" என்று கேட்டார்.